75 விழுக்காடு யாருக்காக?

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பருவத்தேர்வு எழுதும் தகுதி பரவலாக வருகை விழுக்காட்டைக் கொண்டு நான்கு படிகளில் அளக்கப்படுகிறது. 75 விழுக்காடும் அதற்கு மேலும் வந்தவருக்கு ஹால் டிக்கெட் தடையின்றிக் கிடைக்கும். 65 முதல் 74 வரை என்றால் மருத்துவச் சான்றிதழும், வருகைக் குறைவை மன்னிக்கும் கண்டோனேஷனுக்கான கட்டணமும் வேண்டும். 50 முதல் 64 வரை என்றால் அந்தப் பருவத்தில் தேர்வு இல்லை. அடுத்த பருவத்தில் படிப்பைத் தொடர்ந்தபடி எழுதலாம். 50-க்குக் கீழே போனவர் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் 50 முதல் 64 வரையிலான நடுப்படி கிடையாது. நோய்க்காகவும் விளையாட்டுக்காகவும் 65 வரை இறங்கி வருவார்கள், அதற்குக் கீழே போனால் ஓராண்டு போய்விடும். சட்டக் கல்விக்கு இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள் பாடத்துக்கு 70 விழுக்காடு கேட்கின்றன.

இந்த எண்கள் எதைக் காக்கின்றன? கற்றலை என்பது வழக்கமான விடை. அந்த விடைக்கு ஆதாரம் மெலிந்தது என்றும், இருந்தாலும் வருகை விதியை எடுத்துவிடக் கூடாது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. எடுக்க வேண்டியது விதியின் முனையில் கட்டியிருக்கும் தேர்வுத் தடையைத்தான்.

வருகைக்கும் கற்றலுக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1888-இல் பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் போன காந்தி, இன்னர் டெம்பிள் என்ற வழக்கறிஞர் அமைப்பில் பன்னிரண்டு பருவங்களை நிறைவு செய்ய வேண்டியிருந்தது. நிறைவு செய்வது என்றால் ஒவ்வொரு பருவத்திலும் ஏறத்தாழ 24 விருந்துகளில் குறைந்தது ஆறில் கலந்துகொள்வது. உண்ண வேண்டும் என்றுகூட இல்லை; குறித்த நேரத்துக்கு வந்து, விருந்து முடியும்வரை இருந்தால் போதும் என்று சத்திய சோதனையில் எழுதுகிறார். நால்வர் கொண்ட குழுவுக்கு இரண்டு புட்டி ஒயின் தருவார்கள். இவர் தொடமாட்டார் என்பதால் இவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொள்ளப் போட்டி இருந்ததாம். இந்த ஏற்பாடு ஒருவரை எப்படி நல்ல வக்கீலாக்கும் என்பது அவருக்கு அன்றும் விளங்கவில்லை, பின்னும் விளங்கவில்லை. உடல் வந்து சேர்ந்ததா என்பதை மட்டும் எண்ணும் முறை அதன் தூய வடிவத்தில் இப்படித்தான் இருக்கும். நம் வருகைப் பதிவேடும் தூக்கத்தையும் கவனத்தையும் ஒரே கோட்டால்தான் குறிக்கிறது.

வகுப்புக்கு ஒழுங்காக வருபவர் அதிக மதிப்பெண் பெறுகிறார் என்பதில் ஐயமில்லை. 1993-இல் பொருளியலாளர் டேவிட் ரோமர் மூன்று அமெரிக்க நிறுவனங்களின் பொருளியல் வகுப்புகளைப் பார்த்து, எந்த நாளிலும் மூன்றில் ஒரு பங்கு மாணவர் வருவதில்லை என்றும், வருபவர் சிறப்பாகத் தேறுகிறார்கள் என்றும் எழுதினார். கட்டாய வருகையைச் சோதித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆர்வமுள்ளவர் தாமாக வருகிறார். வராதவரை இழுத்து வந்து உட்காரவைத்தால் ஆர்வமும் கூடவே வருமா? 2010-இல் கிரேடே முதலான ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. கட்டாயப்படுத்துவதால் கிடைக்கும் கூடுதல் பயனோ சிறியதாக இருந்தது. அதே ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் இடைத்தேர்வில் பின்தங்கியவர்களுக்கு மட்டும் வருகையைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள்; மதிப்பெண் உயர்ந்தது. நெதர்லாந்தில் முதலாண்டில் குறைந்த தரம் பெற்றவர்களை இரண்டாமாண்டு முழுவதும் கட்டாய வருகைக்கு உட்படுத்திய ஓர் ஏற்பாட்டை ஆராய்ந்து 2021-இல் வந்த கட்டுரையோ, வருகை கூடியதே தவிர சராசரி மதிப்பெண் உயரவில்லை என்றது. இவற்றை வைத்து ஒரு மாணவருக்கு ஓராண்டை இழக்கச் செய்யும் தண்டனையை நியாயப்படுத்த முடியாது.

நேரந்தவறாமை விதியைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் விபரீதமாகிறது. பல கல்லூரிகளில் வருகை நாள் கணக்கில்தான் எடுக்கப்படுகிறது; முதல் ஹவரில் ஆப்சென்ட் என்றால் காலை வேளை முழுவதும் போய் அரைநாள் கழியும். பருவத்துக்கு 90 வேலை நாள், நாளொன்றுக்கு ஐந்து ஹவர் என்று வைத்துக்கொள்வோம். டவுன் பஸ்ஸை நம்பியிருக்கும் ஒருவர் ஒன்றுவிட்டொரு நாள் பத்து நிமிடம் தாமதமாக வருகிறார், 45 காலைகள். அவர் உண்மையில் இழந்த பாடம் 450 நிமிடம், அதாவது ஏழரை மணி நேரம். ஒன்றரை நாள் வகுப்பு. பதிவேட்டில் அவருக்குக் கழிவது இருபத்திரண்டரை நாள். சரியாக 75-இல் நிற்கிறார். பருவத்தில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் கண்டோனேஷன் பட்டியலில் அவர் பெயர் ஏறும். கற்றல் இழப்பைப் பதினைந்து மடங்காக்கிக் காட்டும் அளவுகோலை எந்த ஆய்வுக்கூடமும் வைத்துக்கொள்ளாது. கல்லூரி அலுவலகம் வைத்துக்கொள்கிறது.

கண்டோனேஷன் இந்தக் கோணலை நேராக்க வந்த ஏற்பாடு; நடைமுறையில் அது ஒரு கட்டண ரசீதாகச் சுருங்கிவிட்டது. மருத்துவச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது என்பது வகுப்பாசிரியருக்கும் தெரியும், ஹெச்.ஓ.டி.க்கும் தெரியும். கையெழுத்திடும்போது யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பணம் கட்டக்கூடியவருக்கு விதி வளைகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு அந்தத் தொகை ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. விளையாட்டு அணியில் இருப்பவருக்கு, வராத நாளையும் வந்ததாகக் கொள்ளும் ஓ.டி. உண்டு, நாற்று நடவுக்கு வீட்டில் நிறுத்தப்பட்டவருக்கு அப்படி எதுவும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு விதியையே எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வருகை கட்டாயமாக்கப்பட்டபோது 2018-இல் மாணவர்கள் நடத்திய போராட்டத்தின் குரல் ஏறத்தாழ அதுதான். விடுதியில் தங்கி, கருத்தரங்குகளுக்கும் நூலகத்துக்கும் நடுவே வாழும் ஆய்வு மாணவருக்கு அந்த வாதம் பொருந்தும். ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரிக்கு அதை அப்படியே தூக்கிவந்து வைத்தால் அடிபடுவது யார் என்பதை யோசிக்க வேண்டும்.

அங்கே முதல் தலைமுறையாகப் படிக்கும் பெண்ணின் நேரத்துக்குக் கேட்பவர் பலர். அக்காளுக்குப் பேறுகாலம், மாமன் வீட்டுக் காதுகுத்து, அறுப்பு, ஊர்த் திருவிழா, தம்பிக்குக் காய்ச்சல். ‘பாடம் போயிடும்’ என்று அவள் சொன்னால் வீட்டில் எடுபடாது. பாடம் எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிடுவார். ‘அட்டெண்டன்ஸ் போயிடும்ப்பா, பரீட்சை எழுத விடமாட்டாங்க’ என்பது வேறு. அதற்கு மேல் வீட்டில் பேச்சு வளர்வதில்லை. வகுப்பாசிரியராக இருந்தவர் எவரும் இதைக் கேட்டிருப்பார். மாணவியே வந்து, ‘சார், வீட்டுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க’ என்று கேட்பதும் உண்டு. இரவு வேலைக்குப் பின் காலையிலும் நிறுத்திவைக்கப் பார்க்கும் கடைக்காரரிடம் பையன்கள் காட்டும் கேடயமும் இதுதான். கட்டாயம் என்ற பெயரில் வேறு கட்டாயங்களிலிருந்து விடுவிக்கும் வேலையை இந்த விதி செய்கிறது. வருகை விதியை ஆதரிப்பவர்கள் இதைச் சொல்லாமல் ஒழுக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது வியப்புதான்.

அப்படியானால் தேர்வுத் தடையை எடுத்தால் கேடயம் ஓட்டையாகிவிடாதா? இந்த வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி இதுவே. பருவக் கடைசியில் ஒரே அடியாக விழும் தண்டனையைவிட, பருவம் முழுவதும் வீட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும் சொல் வலுவானது என்பது என் கணிப்பு. வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமற்போன சட்ட மாணவர் ஒருவர் 2016-இல் தற்கொலை செய்துகொண்டதை ஒட்டி எழுந்த வழக்கில், 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தத் திசையில் போகிறது. வருகைக் குறைவுக்காகச் சட்ட மாணவர் எவரையும் தேர்விலிருந்து நிறுத்தக் கூடாது என்ற வரி செய்தியாயிற்று. வாரந்தோறும் வருகை நிலவரத்தை வெளியிட வேண்டும், குறைந்தால் மாதந்தோறும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், கூடுதல் வகுப்பு நடத்த வேண்டும் என்ற கட்டளைகள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. குறைவுக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு வரை கழிக்கவும் அது இடம் கொடுக்கிறது. பெற்றோர் கையில் மாதந்தோறும் போய்ச் சேரும் கடிதம் ‘அட்டெண்டன்ஸ் போயிடும்’ என்ற சொல்லுக்கு அத்தாட்சியாக நிற்கும்; ஹால் டிக்கெட் மறுக்கப்படும் நாளில் அந்தச் சொல்லால் யாருக்கும் பயனில்லை.

தண்டிக்காமல் வருகையைக் கூட்டிக் காட்டியதில் தமிழ்நாட்டுக்கு முன்னனுபவமும் இருக்கிறது. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் விரிந்த சத்துணவு, 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு ஆகிய மூன்றுமே பிள்ளையைப் பள்ளிக்கு வரவைத்தவை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அந்த வரிசையில் வருவதே. ஒரு கையால் இதைக் கொடுக்கும் அரசு, மறு கையால் அவளிடமே கண்டோனேஷன் கட்டணம் வாங்குவது கணக்கிலும் சரியில்லை.

டெல்லித் தீர்ப்பு சட்டப் படிப்பைத்தான் தொடுகிறது. கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுவே ஒழுங்குமுறையைத் திருத்த வேண்டும். திருத்தும்போது முதலில் கைவைக்க வேண்டியது நாள் கணக்கில்: வருகையை ஹவர் கணக்குக்கு மாற்றினால், பஸ்ஸுக்குக் காத்திருந்த அந்த மாணவர் இழந்த ஒரு ஹவருக்கு ஒரு ஹவர்தான் கழியும்.