நூறு பேரை நினைவில் வைத்தவர்களும் ஒருவரை மறந்த நானும்

ஐதராபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் நடந்தது இது. நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்க வங்கியில் வரிசை கட்டி நிற்கும் மாதம். ஓய்வுபெற்ற தெலுங்கு வாத்தியார் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். நாலு மாதமாக என்னிடம் வருகிறவர். வரும்போதெல்லாம் மதுரை, ஸ்ரீரங்கம் என்று விசாரிப்பார்.

"குர்த்துந்தா சார், நா பேரு?" ஞாபகமிருக்கிறதா என் பேர் என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சமாளிக்கப் போய் ஒரு பேரைச் சொன்னேன். அது அவருக்கு முன்னால் வந்துபோனவரின் பேர்!

சிரிப்பு நின்றுவிட்டது. "உயிரோடு இருக்கேன்னு எழுதிக் கொடுக்க வந்தேன். வாங்கிக்கிறவருக்கே நான் யாருன்னு தெரியலையே" என்றார் தெலுங்கில். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

மனிதர் கோபத்தை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே சிக்கடபல்லி தியாகராய கான சபாவில் நடந்த ஒரு அஷ்டாவதானத்துக்கு அழைத்துப் போனார்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அவதானியைச் சுற்றி எட்டுப் பேர் உட்காருவார்கள். 'ப்ருச்சகர்' என்று பேர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பது போல ஒரு அடி கொடுப்பார். ஒருவர் நாலு சொல் கொடுத்துப் பாட்டில் வைக்கச் சொல்வார். ஒருவர் அவதானி அடுத்து என்ன எழுத்து சொல்லப்போகிறார் என்று ஊகித்து அதைத் தடை செய்வார். நடுவில் மணி அடிக்கும், எத்தனை என்று எண்ண வேண்டும். இன்னொருவர் சம்பந்தமில்லாமல் பேசிக் கவனத்தைக் கலைப்பார் (எங்கள் கவுன்ட்டர் மாதிரியேதான்!). ஒரு சுற்றுக்கு ஒரு அடியாகப் பாட்டுகள் வளரும். கடைசியில் 'தாரணை'. எல்லாப் பாட்டையும் முழுசாகத் திருப்பிச் சொல்வது. அன்று அவதானி ஒவ்வொருவர் பக்கமும் திரும்பி, பேர் சொல்லி அழைத்து, அவரவர் பாட்டை அவரவரிடம் ஒப்படைத்தார். எனக்குப் பாட்டு பாதி புரியவில்லை. அந்தப் பேர்கள்தான் காதில் விழுந்தன.

இதே வித்தையை நூறு பேரை வைத்துச் செய்தால் சதாவதானம். தெலுங்கில் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் 'திருப்பதி வேங்கட கவுலு' எனும் இரட்டையர். திவாகர்ல திருப்பதி சாஸ்திரி (1872-1920), செல்லபிள்ள வேங்கட சாஸ்திரி (1870-1950). நம் பக்கத்தில் நாகர்கோவில் இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950). 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். 2008-ல் அவருக்கு அஞ்சல் தலையும் வந்தது.

அவதானம் என்றால் நினைவு என்று நினைத்திருந்தேன். கவனம் என்றுதான் அர்த்தம். தமிழில் 'கவனகம்' என்று சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். அன்று நான் அந்தப் பேரை மறக்கவில்லை. முதல் நாள் அவர் சொன்னபோது ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் வாங்காததை எப்படி மறக்க முடியும்?

கிரேக்கத்திலும் ஒரு கதை உண்டு. ஒரு விருந்து மண்டபம் இடிந்து எல்லோரும் அடையாளம் தெரியாமல் நசுங்கிப்போனார்கள். வெளியே போயிருந்ததால் தப்பிய கவிஞர் சிமோனிடிஸ், யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்து ஒவ்வொரு உடலுக்கும் பேர் சொன்னாராம். இதை கி.மு. 55-ல் சிசரோ எழுதினார். 'இடத்தோடு சேர்த்து நினை' என்ற முறை அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

பேர் மட்டும் ஏன் இப்படி நழுவுகிறது? 1987-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில், தெரியாத முகங்களைக் காட்டிப் பேரும் தொழிலும் சொன்னார்கள். 'பேக்கர்' என்பதையே தொழிலாகச் சொன்னால் நின்றது, பேராகச் சொன்னால் நழுவியது. தொழிலோடு அடுப்பும் ரொட்டி வாசனையும் வருகின்றன. பேரோடு ஒன்றும் வருவதில்லை. நாம்தான் ஏதாவது ஒட்டிவிட வேண்டும்.

இதற்கு ஐதராபாத் தோதான ஊர். எங்கு பார்த்தாலும் ஸ்ரீனிவாஸ்தான். ஆனால் முன்னால் ஒரு இண்டிபேரு, அதாவது வீட்டுப்பேர், இருக்கும். வங்காயல என்றால் கத்தரிக்காய். மிரியால மிளகு. பெல்லம் வெல்லம். பப்பு பருப்பு. பாதி மளிகை லிஸ்டே வந்துவிடும்! முகத்தில் ஒரு அடையாளத்தைப் பிடித்து, அதில் அந்தச் சாமானை வைத்துவிடுவேன். பேச்சுக்கிடையில் ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாற்காலியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று ஓட்டிப் பார்ப்பேன். அதுதான் என் தாரணை. வாத்தியாரின் வீட்டுப்பேரும் ஒரு மளிகைச் சாமான்தான். அதை அவர் மீசையில் வைத்தேன்.

2021-லிருந்து லைஃப் சர்ட்டிபிகேட்டுக்கு செல்போனே முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. நல்ல வசதி. நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி.

அதற்கெல்லாம் வெகு முன்பே ஒரு நவம்பரில் வாத்தியார் வரவில்லை. ஜனவரியில் அவர் மனைவி ஃபேமிலி பென்ஷனுக்காக வந்தார். கையில் மடித்த காகிதம். அவர் பிரிப்பதற்குள் அந்த முழுப்பேரை, வீட்டுப்பேரோடு சொல்லி, "அவங்க வீட்டுக்காரம்மாவா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா காகிதத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.