கடலூர் கடலோர ரேடார்

கடலின் மேற்பரப்பு நீரோட்டத்தைக் கரையில் இருந்தபடியே அளக்கக் கடலூரில் அமைக்கப்பட்ட உயர் அதிர்வெண் ரேடார் நிலையம். சுமார் 100 கி.மீ. வடக்கே உள்ள கல்பாக்கம் நிலையம் இதன் இணை.

வரலாறு: கண்ணுக்குத் தெரியாத தடையை, அதில் பட்டுச் சிதறும் மின்காந்த அலையைக் கொண்டு அறியும் முறையை 1904இல் ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஹுல்ஸ்மேயர் செய்து காட்டினார். மூடுபனியில் கப்பல்கள் மோதாமல் காப்பதே அவர் நோக்கம். கடலலைகளிலிருந்து திரும்பும் சிதறல் ரேடாருக்கு வெறும் இரைச்சலாகவே தோன்றியது. அந்த இரைச்சலிலும் ஒழுங்கு இருப்பதை 1955இல் நியூசிலாந்தின் டக்ளஸ் கிராம்பி கண்டறிந்தார். அமெரிக்காவின் டொனால்ட் பாரிக் 1970களில் இதற்குக் கணிதக் கோட்பாடு வகுத்து, நீரோட்டத்தை அளக்கும் கருவியாகவும் ஆக்கினார்.

இந்தியாவில் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் குஜராத், தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, அந்தமான் கரைகளில் இணைக்கு இரண்டாக 10 ரேடார்களை நிறுவியது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இவற்றின் தரவுகளை வழங்குகிறது.

செயல்முறை: ரேடார் அலைநீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடலலைகளே வலுவான எதிரொலி தரும். 4.4 மெகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 68 மீட்டர். எனவே அது 34 மீட்டர் நீள அலைகளைத் தேர்ந்தெடுக்கும். ஆழ்கடலில் இவற்றின் இயல்பான வேகம் நொடிக்குச் சுமார் 7.3 மீட்டர். எதிரொலியின் டாப்ளர் பெயர்ச்சி (அலைகள் நகர்வதால் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம்) காட்டும் வேகம் இதிலிருந்து எவ்வளவு மாறுகிறதோ, அதுவே நீரோட்டத்தின் பங்கு. ஒரு ரேடார் தன்னை நோக்கி வரும் அல்லது விலகிச் செல்லும் வேகத்தை மட்டுமே காட்டும். திசையையும் அறிய இரண்டு கோணங்கள் வேண்டும். கல்பாக்கம் துணை தேவைப்படுவது இதனால்தான்.

பயன்: கிழக்குக் கரை நீரோட்டம் தென்மேற்குப் பருவமழைக்கு முன் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. இதையும் இடையே தோன்றும் சுழல்களையும் ஆராய இந்த இணையின் அளவீடுகள் உதவின. பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற சிதம்பரம் வட்டாரக் கரையூர்களிலிருந்து கடலுக்குச் சென்றவர்களின் படகு திசைமாறினால் எப்பக்கம் தேடுவது, எண்ணெய்க் கசிவு எங்கே ஒதுங்கும் என்று கணிக்க இத்தகைய வரைபடங்கள் பயன்படும்.

வரம்பு: இத்தகைய ரேடாரின் அளவீடு மேற்பரப்பின் இரண்டு, மூன்று மீட்டர் நீருக்கே பொருந்தும். அதற்குக் கீழுள்ள ஓட்டத்தை அறிய மிதவைகளில் பொருத்தியவை போன்ற வேறு கருவிகள் வேண்டும்.