கொக்குவாயும் படுகண்ணும்

இடைக்காலத் தமிழர் உடலில் அணிந்த உலோகப் பொருள்களை ஆராயப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படும் இடர், அப்பொருள்கள் அரிதாகவே எஞ்சியிருத்தலாகும். பொன் மீண்டும் மீண்டும் உருக்கப்பட்டது. இரும்பு துருவேறி அழிந்தது. அதனினும் பன்னூற்றாண்டு முந்திய இரும்பு கிடைத்திருத்தல் வியப்பன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 2021இல் ஈமச்சின்னம் ஒன்றினின்று ஏறத்தாழ 70 செ.மீ. நீள இரும்பு வாள் வெளிப்பட்டது. இறந்தாரோடு புதைத்தமையால் அது எஞ்சிற்று. பிற்காலத்தார் வீரனுக்குக் கல் நட்டனர். வாள் மண்ணுள் செல்லாது கல்லின்மேல் ஏறிற்று.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி நடுகற்களில் வீரன் வில்லும் வாளும் ஏந்தி, இடையில் கச்சு இறுக்கி, அதிற் குறுவாள் செருகி நிற்கக் காண்கிறோம். சிற்பி கச்சினை இரண்டு மூன்று வரிகளாற் காட்டி அமைவான். அது துணியோ, தோலோ, பொற்பட்டையோ என்பது அவ்வரிகளால் விளங்காது. பூட்டுவாயும் புலப்படாது.

ஈண்டுத் துணைசெய்வன தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள். முதலாம் இராசராசன் காலத்தில், 1010ஐ ஒட்டிப் பொறிக்கப்பெற்ற அணிகலப் பட்டியல்கள் அவை. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்துக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எழுதினர். மணிகளோடு அரக்கும் நிறையிற் சேர்தலின் அதனையும் சுட்டினர். கணக்கின் இந்நுணுக்கமே நமக்குச் சிறு உறுப்புகளின் பெயர்களைக் காத்துத் தந்தது: கொக்குவாய், படுகண். முன்னது வளைந்து மாட்டும் கொளுவி. பின்னது அதனை ஏற்கும் வளையம். கொக்கின் அலகைக் கண்ட கம்மியன் இட்ட பெயராகலாம். இத்துணை அழகிய தொழிற்சொல் நம் அகராதிகளில் ஒரு மூலையிற் கிடப்பது வருந்தத்தக்கது.

ஆயினும் அவை இறைத் திருமேனிகட்கு அளித்த அணிகள். எல்லைப்புறத்தில் ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் கச்சிலும் பொற்கொக்குவாய் இருந்ததென்பார் கூற்றுக்குச் சான்றில்லை. பூட்டும் முறை ஒன்றாயிருத்தல் கூடும். பொருள் ஒன்றெனல் பொருந்தாது.

நடுகற்களைப் பதிவு செய்வோர் எழுத்தைப் படித்தபின் உருவத்தை ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். கச்சின் வரிகள் எத்தனை, முடிச்சு எப்பக்கம், வாட்பிடியின் முனை எவ்வடிவம் என்பவற்றையும் அளந்து எழுதுதல் வேண்டும். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தை அடைந்த கற்கள் சிலவே. தொழிற்சாலைகளும் சாலைகளும் பெருகிவரும் ஓசூர்ப் பக்கத்து வயல்வரப்புகளில் நிற்பனவற்றிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.