குடும்பப் படத்தில் இல்லாதவர்கள்: ஞாயிறு பாடசாலையும் மலையகத்தின் கடதாசிகளும்

ஞாயிறு பாடசாலைக்குப் போனவர்களுக்கு அந்தப் படம் ஞாபகம் இருக்கும். நடுவில் உலக உருண்டை. அதைச் சுற்றிக் கைகோர்த்து நிற்கிற பிள்ளைகள். ஒருவர் கறுப்பு, ஒருவர் வெள்ளை, ஒருவர் சீனத் தொப்பி போட்டவர். "கடவுள் நம்ம தகப்பன், நாம எல்லாரும் சகோதரர், உலகமே ஒரு குடும்பம்" என்று டீச்சர் சொல்லித் தருவார். நிறம் தீட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

பாடத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் திகன, தெல்தெனிய, குண்டசாலைப் பக்கம் வாழ்கிற ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு விசயத்தை மறந்துவிடுகிறோம். 'குடும்பம்' என்ற சொல்லுக்கும் 'உரித்து' என்ற சொல்லுக்கும் இந்த மலைகளில் பெரிய வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்தினால், மிஞ்சுவது நிறம் தீட்டின படம் மட்டும்தான்.

ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் எழுத்து

ஞாயிறு பாடசாலை என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ரொபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதைத் தொடங்கினார். அந்த ஊர் ஏழைப் பிள்ளைகள் கிழமைக்கு ஆறு நாள் வேலை செய்தார்கள். படிக்கக் கிடைத்தது ஞாயிறு மட்டும். அதனால் அங்கே வேதத்தோடு வாசிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆக, இது முதலில் தொழிலாளர் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம்.

இதை எங்கள் கதையோடு சேர்த்துப் பாருங்கள். 1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. தமிழ்நாட்டின் வரண்ட கிராமங்களிலிருந்து சனம் கால்நடையாக வந்து சேர்ந்தது. 1854இல் அவர்களுக்காக ஒரு மிஷன் உருவானது. துரைமார் சிலரின் பண உதவியோடும், திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசிமாரின் உழைப்போடும் அது நடந்தது. அதற்கு வைத்த பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'.

அந்தப் பெயரை இன்னொரு தரம் வாசியுங்கள். சகோதரரே என்று கூப்பிட வந்த மிஷன், தன் பெயர்ப்பலகையிலேயே கூலி என்று எழுதி வைத்திருந்தது. பணம் கொடுத்த துரைக்குத் தேவைப்பட்டது பெரட்டுக்கு நேரத்துக்கு வருகிற, எதிர்த்துப் பேசாத ஆள். உபதேசியார் கொண்டுவந்ததோ எழுத்து. இரண்டும் ஒரே பாதையால் லயத்துக்குள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கவேண்டும் என்று 1907இல் சட்டம் வரும்வரை, பல தோட்டங்களில் எழுத்து தெரிய வேறு வழி அதிகம் இருக்கவில்லை. இதை நன்றியோடும் சொல்லலாம், கோபத்தோடும் சொல்லலாம். எங்களுக்கு இரண்டும் இருக்கிறது.

தகப்பன் எங்கே பிறந்தார்?

1948இல் சுதந்திரம் வந்தது. அதே வருசம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் கேட்ட கேள்வி ஒரு குடும்பக் கேள்வி என்பதைக் கவனிக்கவேண்டும். நீ இங்கே பிறந்தது போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்திருக்கவேண்டும். இல்லையென்றால், தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். அதையும் கடதாசியில் காட்டவேண்டும். லயக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்த பூட்டனுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது? பேர் பதியாத தலைமுறைகளிடம் சட்டம் பேர்ப் பதிவைக் கேட்டது. ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள்.

அந்தக் காலத்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கோயிலில், தகப்பன் பரலோகத்தில் இருக்கிறார், அதனால் நீ இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்றார்கள். கச்சேரியில், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை, அதனால் நீ இந்த நாட்டுப் பிள்ளை இல்லை என்றார்கள். இரண்டு இடத்திலும் கேள்வி தகப்பனைப் பற்றியதுதான்.

பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். 9,75,000 பேரை வைத்து ஒரு கணக்கு: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கு வீடுகளுக்குள் வந்தபோது அண்ணன் இந்தியாவுக்கு, தங்கச்சி இலங்கைக்கு என்று ஆனது. அப்பாயி ஒரு பக்கம், பேரப்பிள்ளை இன்னொரு பக்கம். மலைநாட்டு ஸ்டேசன்களிலிருந்து தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிப் போன ரயிலுக்குச் சனம் வைத்த பேர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு நீலகிரித் தேயிலைத் தோட்டமோ வேறு எங்கேயோ. 1984இல் கப்பல் நின்றது. கடைசியில் 2003இன் சட்டம்தான் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது.

ஆக, மலையகத்துப் பிள்ளைக்கு 'பல நாட்டில் இருக்கிற ஒரே குடும்பம்' என்பது உருண்டைப் படம் பார்த்துக் கற்பனை செய்கிற விசயம் இல்லை. அது கோத்தகிரியில் இருக்கிற பெரியப்பா வீடு. கடிதம் நின்றுபோன சித்தி வீடு.

திகனயின் அயல்

திகனக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்தில் விக்டோரியா அணை எழும்பியது. 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தாட்சர் வந்து அதைத் திறந்து வைத்தார். பழைய தெல்தெனிய நகரம் தண்ணிக்குள் போனது. வரட்சியில் நீர் வற்றும்போது அதன் எச்சங்கள் இன்றும் வெளியே தெரியும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் புது இடங்களில் குடியேறின. திகன புதுநகரமும் அப்படி வளர்ந்த ஊர்தான். இங்கே சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே கடையில் பாண் வாங்குகிறோம்.

2018 மார்ச் 5 அன்று அதே திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அதற்குச் சில நாள் முன் தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். அந்தச் சாவை வைத்துப் பேஸ்புக்கில் வெறுப்பு பரப்பினார்கள். எரிந்த வீடொன்றுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்து கிடந்தார். அடுத்த நாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. தன் பங்குக்கு 2020 மே மாதம் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

ஒரு வருசம் கழித்து, 2019 உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அந்தக் கிழமைக்குப் பிறகு முஸ்லிம் பிள்ளையைப் பார்த்து 'சகோதரர்' என்று சொல்லிக் கொடுப்பது எந்த டீச்சருக்கும் லேசாக இருந்திருக்காது. குடும்பம் என்ற பாடத்துக்கு உண்மையான பரீட்சை இந்த இடத்தில்தான் வருகிறது. தூர நாட்டுப் பிள்ளையைச் சகோதரர் என்பதில் செலவு எதுவும் இல்லை. அயல்வீட்டுப் பிள்ளையைச் சொல்லத்தான் மனம் தடுக்கும்.

கண்டியில் ஏற்கனவே நடந்தது

இதற்கு முன்மாதிரி தேடித் தூரம் போகத் தேவையில்லை. கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயம் கண்டிய மரபில், கருங்கல் தூண்களோடு கட்டப்பட்டது. 1935இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் சுவர் ஓவியங்களை டேவிட் பெயின்டர் வரைந்தார். தகப்பன் ஆங்கிலேயர், தாய் சிங்களவர். அவர் வரைந்த சிலுவைக் காட்சியில் இயேசு தாடி இல்லாத, மாநிறத்து மனிசன். இன்னொரு சுவரில் நல்ல சமாரியன். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியது அவனுடைய சனம் இல்லை, அவனுடைய சனம் வெறுத்த சனத்தைச் சேர்ந்த ஒருவன். அந்தக் கதை கண்டியில் சுவரிலேயே இருக்கிறது.

அதே நகரத்தில் 1972இல் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கினார். பல இனத்தவரும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்து, ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிற இடம். தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகவும் அது பல பத்தாண்டுகள் உழைத்தது. உலகக் குடும்பம் என்பதை அவர்கள் ஒரு முகவரிக்குள் வைத்துச் செய்து பார்த்தார்கள்.

நாங்களா, நாமா?

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. சிங்களத்தின் 'அபே'யிலும் இது இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. கேட்கிறவரை வெளியே வைத்தால் 'எங்கள்', உள்ளே எடுத்தால் 'நம்'. கர்த்தர் கற்பித்த ஜெபம் 'எங்கள்' என்று கடவுளைக் கூப்பிடுகிறது. கடவுளிடம் பேசும்போது அது சரி. ஆனால் ஜெபம் முடிந்து கதவுக்கு வெளியே வந்த பிறகும் அதே 'எங்கள்' நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் சபை, எங்கள் ஆக்கள், எங்கள் சாதி. கூலி மிஷன் காலத்திலிருந்து இன்றுவரை எங்கள் கோயில்களின் சிக்கல் அந்த ஒட்டுதலில் இருக்கிறது.

உங்களில் பலர் இப்போது ஞாயிறு பாடசாலையில் சொல்லிக் கொடுக்கிறீர்கள். உருண்டைப் படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு கிழமை, பிள்ளைகளை வீட்டுக்குப் போய் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். நம்ம பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார்? நம்ம வீட்டிலிருந்து கோச்சியில் போனவர் யார், இப்போது எங்கே இருக்கிறார்? 2018 மார்ச்சில் நம்ம அயலில் யார் வீட்டுக்கு என்ன நடந்தது, அப்போது நம்ம வீட்டுக்காரர் என்ன செய்தார்கள்?

மூன்றாவது கேள்விக்குச் சில வீடுகளில் பதில் வராது. பெரியவர்கள் பேச்சை மாத்துவார்கள். அதையும் பிள்ளை வந்து வகுப்பில் சொல்லட்டும். அந்த மௌனத்தைப் பற்றிப் பேசிய பிறகு உருண்டைப் படத்தை எடுத்தால், எந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளையை வரையவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.