வேலியும் காணியும்: திருகோணமலைப் பிரதேசத்து மரவேலிகள் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயிலையும் கோட்டையையும் துறைமுகத்தையும் விட்டு அதிக தூரம் சென்றாரல்லர். 1622இல் கோணேசர் ஆலயம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டதும், 1624இல் அங்கு கோட்டை எழுந்ததும், பின்னர் அது ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் எனக் கைமாறியதும் யாவரும் அறிந்தவை. கல்லாலானவை நிலைத்தன, ஆதலின் வரலாறும் பெற்றன. கோட்டைக்கு அப்பால், மூதூரிலும் சம்பூரிலும் குடியானவன் தன் வளவைச் சுற்றிக் கட்டிய மரவேலியோ சில மாரிகளில் உக்கிப்போவது. உக்கிப்போவதற்கு யார் வரலாறு எழுதுவர்? எனினும், காணி யாருக்குரியது என்னும் கேள்விக்கு இப்பிரதேசத்தில் கோட்டையிலும் பார்க்க வேலியே கூடுதலாக விடை பகர்ந்துள்ளது என்பது என் துணிபு.

சோழநாட்டில் இருபது மா நிலத்தை ஒரு வேலி என்றனர். அடைக்கும் பொருளின் பெயரே நிலவளவையின் பெயராகவும் வழங்கியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இப்பிரதேசத்துக் காடுகள் மரவளம் மிக்கவை. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சாவண்டலை மரம் வணிகருலகில் 'திருகோணமலை மரம்' என்றே பெயர் பெற்றிருந்தது. சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கும் சாராயப் பீப்பாய்களுக்கும் அது பயன்பட்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமேர்சன் ரெனன்ற் குறித்துள்ளார். நல்ல மரம் கப்பலேறியது. வேலிக்கு எஞ்சியவை பனையும் காட்டுத்தடிகளுமே. எனினும் அவற்றை இழிவாகக் கருதலாகாது. வீரை மரத்துக்குத் தாவரவியலார் இட்ட இலத்தீன் பெயரில் 'வேலிக்குரியது' எனப் பொருள்படும் சொல்லொன்று இடம்பெற்றுள்ளது. நம் குடியானவன் இலத்தீன் அறியான். ஆயினும் எந்தத் தடி மண்ணில் நின்றுபிடிக்கும் என்பதை அறிவான்.

வேலிக்குரிய மரத்தை வாளால் அரிவதிலும் ஆப்பு வைத்துப் பிளப்பதே சிறந்தது. வாள் மரத்தின் நாரை அறுத்துச் செல்வது. ஆப்போ நாரின் போக்கிலேயே மரத்தைப் பிரிப்பது. நார் அறுபடாத தடியில் மழைநீர் எளிதில் ஊறாது. ஆகவே அது நீடித்து நிற்கும். முதிர்ந்த பனையைத் தறித்து, அடியில் கோடரியால் வாய்பிளந்து, ஆப்பை இறுக்கிக் கொட்டாப்புளியால் அடித்துச் செல்ல, மரம் நெடுக வெடித்துச் செல்லும். உள்ளிருக்கும் சோற்றியைச் செதுக்கி நீக்கினால் வயிரமான சலாகைகள் எஞ்சும். தொழில் பழையது, பஞ்சதந்திரத்துக் குரங்கு ஆப்பைப் பிடுங்கி அகப்பட்டதும் இவ்வாறு பாதி பிளந்த மரத்திலேதான். அமெரிக்காவில் 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனை அவர்தம் கட்சியினர் 'வேலிமரம் பிளந்தவர்' என்றே மக்கள்முன் நிறுத்தினர். நம் நாட்டில் வேலிமரம் பிளந்தவர் எவரும் அவ்வாறு போற்றப்பட்டதாக நான் அறியேன்.

பிளந்த தடிகளை நிறுத்தி, வரிச்சுகளைக் குறுக்கே வைத்து நாரால் கட்டி, கிடுகாலோ பனைமட்டையாலோ அடைப்பர். இடையிடையே பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை ஊன்றுவர். தடி உக்கும்போது கதியால் வேர்கொள்ளும். இறந்த மரமும் உயிர்மரமும் ஒரே வேலியில் நிற்பது தற்செயலன்று. ஒன்று இன்றைய காவல், மற்றையது நாளைய எல்லை. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது பொட்டொன்றை விட்டுவைப்பதும் வழக்கம். அடுத்த வீட்டு நெருப்பும் கறியும் ஊர்க்கதையும் அவ்வழியே வந்தன. எல்லைச் சண்டைகளும் அவ்வழியே வந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

வேலி அரசியற் பொருளாவதும் உண்டு. 1660இல் கொட்டியாரத்தில் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்ட றொபேட் நொக்ஸ், தமது நூலில் கண்டி இராச்சியத்தின் முள்வாயில்களை வருணித்துள்ளார். நெடிய முட்களையுடைய கொம்புகளை நெருங்கப் பின்னி, நிமிர்ந்த தடிகளிற் கட்டித் தொங்கவிடப்பட்ட அவ்வாயில்கள், அரசொன்றின் எல்லையைக் கல்லின்றியே காத்தன.

ஆனால் வேலியின் இழப்பைக் காணியின் இழப்பாக மாற்றியது கண்டி மன்னனல்லன். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே. காடும், தரிசும், குடியிருப்பற்றதும், பயிரிடப்படாததுமான நிலம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்றது அச்சட்டம். பல ஆண்டு இடைவெளிவிட்டுப் பயிரிடும் சேனை நிலமும் இதில் அகப்பட்டது. சேனைக்காரன் காட்டை எரித்தபின் எரியாது எஞ்சிய கட்டைகளை அடுக்கி வேலியாக்கினான். பன்றியும் மரையும் நுழையாதிருக்க அது போதும். விளைவு முடிந்ததும் அவ்வேலியைக் கைவிட்டான். வேலி இற்றது, நிலம் காடாயிற்று, காடு முடிக்குரியதாயிற்று. பத்திரமற்ற குடியானவனுக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த வேலியே பத்திரமாயிருந்தது எனின் அது மிகையன்று.

1874இல் அமெரிக்காவில் கிளிடன் என்பார் காப்புரிமை பெற்ற முட்கம்பி உலகெங்கும் பரவியது. கம்பிக்கு ஆண்டுதோறும் கூடி உழைக்கும் அயலார் வேண்டியதில்லை. நம் பகுதியில் அது தோட்டத்தின் அடையாளமாயிருந்து, போர்க்காலத்தில் முகாமின் அடையாளமாயிற்று. வேலிக்கு வளர்த்த பனைகளும் அக்காலத்தில் காவலரண்களுக்கெனத் தறிக்கப்பட்டன. 2004 திசெம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை கரையோர வேலிகளை வாரிச்சென்றது. 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007இல் அவர்தம் நிலம் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. 2015இலும் 2016இலுமே அதிற் பெரும்பகுதி விடுவிக்கப்பட்டது. பத்தாண்டு அடைக்கப்படாத வேலி எதுவும் எஞ்சுவதில்லை.

என் தாயின் ஊரும் அப்பக்கத்ததே. 2016இல் அம்மம்மாவுடன் வளவைக் காணச் சென்றபோது நான் சிறுபிள்ளை. உறுதி இடம்பெயர்வில் தொலைந்திருந்தது. வீடில்லை, கிணறு தூர்ந்திருந்தது, எங்கும் பற்றை. அம்மம்மா பற்றைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். கதியாலாக ஊன்றிய பூவரசுகள் ஆளுயரம் கடந்து, ஒரே நேர்கோட்டில், மரங்களாய் நின்றன. கிழக்கு வளவுக்காரரும் வந்து பார்த்தார். "ஓம் அக்கா, இதுதான் எங்கட வேலி" என்றார். பதினொரு மரங்கள். அம்மம்மா ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார். பன்னிரண்டாவது நின்ற இடத்தில் ஒரு தடியை முறித்து ஊன்றினார்.