இரத்தத்தில் ஈயம்: ‘இயல்பு’ என்ற சொல்லின் வரலாறு

ஒரு மக்கட்டொகையின் உடலிற் கலந்துள்ள நச்சுப்பொருளை அளவிடுதல் மருத்துவருக்கு மட்டும் உரிய பணியன்று. அளந்தறிந்ததில் எது இயல்பு, எது கேடு என வரையறுக்கும் உரிமை யாருடையது என்ற வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் பெற்றோலுடன் ஈயம் கலக்கப்பட்ட வரலாற்றை இந்நோக்கிலேயே அணுக முற்படுகின்றோம்.

ஈயம் கலந்த பெற்றோல் 1923இல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ ஜேர்சி ஆலையொன்றில் ஐந்து தொழிலாளர் ஈய நஞ்சினால் மாண்டனர். எனினும் விற்பனை நிலைபெற்றது. அதற்கு அறிவியல் அரண் அமைத்தவர் றொபேட் கீஹோ. கைத்தொழில் நிறுவனங்களின் நிதியில் இயங்கிய சின்சினாட்டி ஆய்வுகூடத்தின் தலைவர் அவர். எல்லோர் உடலிலும் ஈயம் காணப்படுவதால் அது இயற்கையானதே என்பது அவர் வாதம். மெக்சிக்கோவின் ஒதுக்குப்புற விவசாயிகளையும் அவர் சான்றாகக் காட்டினார். அவர்கள் உணவுண்ட மட்கலங்களிலேயே ஈயம் இருந்ததை என்னென்பது! நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மைக்கிரோகிராம் வரை தீங்கில்லை என்பது அவர் வகுத்த எல்லை.

பூமியின் வயதைக் கணித்த புவியிரசாயனவியலாளர் கிளேயர் பற்றர்சன், 1965இல் இவ்வாதத்தின் அடித்தளத்தையே தகர்த்தார். வழமையாகக் காணப்படுவது வேறு, இயற்கையானது வேறு என்றார் அவர்.

ஆயினும் கொள்கையை அசைத்தது நாடளாவிய அளவீடே. 1976 முதல் 1980 வரை நடைபெற்ற இரண்டாவது தேசிய சுகாதார, போசாக்கு ஆய்வில் ஏறத்தாழ 10,000 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. அக்காலத்தே பெற்றோலில் ஈயம் குறைந்துகொண்டிருந்தது. மக்கள் மீதான பரிவு அதற்குப் பிரதான காரணமன்று. புதிய வாகனங்களின் புகைவடிகட்டியை ஈயம் பழுதாக்கிற்று. பெற்றோலில் ஈயம் குறையக் குறைய இரத்தத்திலும் அது குறைந்தது: சராசரி 14.6 மைக்கிரோகிராமிலிருந்து 9.2 ஆயிற்று. இயற்கையென நிலைநாட்டப்பட்டது நான்கே ஆண்டுகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்துவிட்டது! 1982இல் கட்டுப்பாட்டைத் தளர்த்த எண்ணிய அரசு, அதை இறுக்கவே நேர்ந்தது.

சராசரி மறைப்பதையும் நோக்குதல் வேண்டும். 30 மைக்கிரோகிராமை எட்டிய, ஐந்து வயதுக்குட்பட்ட சிறார் வெள்ளையரிடையே 2 வீதம், கறுப்பினத்தவரிடையே 12.2 வீதம். வருமானம் தாழ்ந்த குடும்பங்களிலும் இந்நிலையே. பழைய வீடுகளின் ஈயப்பூச்சு உதிர்ந்ததும் இவர்களது சுவர்களிலிருந்துதான்.

2021இல் அந்நாடு சிறார்க்கு வகுத்த உசாவு மட்டம் 3.5 மைக்கிரோகிராம். இது தீங்கற்ற எல்லையன்று. அதே தேசிய ஆய்வில் 100 சிறாருள் 97 அல்லது 98 பேர் எந்த அளவுக்குக் கீழே உள்ளனரோ, அந்த அளவு. வழமையைக் கொண்டு எல்லை வகுக்கும் முறை இன்னும் மாறவில்லை.