பிழை தேட ஒரு காது

டீபக் பண்றப்போ நம்ம கண்ணு எவ்வளவு வேலை செய்யுதுன்னு நாம கவனிக்கிறதே இல்ல. பிரேக்பாயின்ட்னா ஓரத்துல சிவப்புப் புள்ளி. தப்புன்னா வரிக்கு அடியில நெளிகோடு. எல்லாமே பார்க்குற சமாச்சாரம். அப்போ பார்வையில்லாத புரோகிராமர்கள் எப்படிப் பிழை தேடுனாங்க? இன்னிக்கு அந்த வரலாறுதான்.

டாஸ் காலத்துத் திரை 80 எழுத்து அகலம், 25 வரி. அந்த எழுத்துகள் மெமரியில எழுத்தாவே இருக்கும். ஸ்க்ரீன் ரீடர் எடுத்து வாசிச்சா போதும். விபத்துல பார்வை இழந்த டெட் ஹென்டர் 1989-ல ஜாஸ் கொண்டுவந்தது இப்படி ஒரு உலகத்துலதான். அப்புறம் விண்டோஸ் பரவுச்சு. எழுத்தெல்லாம் வெறும் பிக்சல் ஆச்சு. ஊருக்கே அது முன்னேற்றம். இவங்களுக்கோ, கையில இருக்குற வேலை போயிடுமோங்கிற பயம்.

இங்கதான் டி. வி. ராமன் வர்றார். புனேக்காரர், 14 வயசுல பார்வை போனவர், ஐஐடி பம்பாய்ல படிச்சு, கார்னெல்ல முனைவர் பட்டம் வாங்குனவர். 1995-ல ஈமேக்ஸ்பீக்கை வெளியிட்டார். அவரோட யோசனை எளிமையானது: திரையில வந்து விழுந்ததை வாசிக்காம, எடிட்டருக்குள்ள இருந்தே பேசணும். எது கமென்ட், எது ஸ்ட்ரிங்னு எடிட்டருக்குத் தெரியுமே! நமக்கு நிறம் மாறுற இடத்துல அவருக்குக் குரல் மாறும். டீபக்கர் ஒரு வரியில நின்னா, அந்த வரியைச் சொல்லும்.

2006-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன் என்விடிஏ-வைத் தொடங்கினார். பின்னாடி ஜேம்ஸ் டே சேர்ந்தார். ரெண்டு பேருமே பார்வையற்றவர்கள். ஸ்க்ரீன் ரீடர் இலவசமாவே கிடைச்சுது.

2018-ல பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் குழு கோட்டாக் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டுச்சு. அதுல டாக்பாயின்ட்னு ஒண்ணு உண்டு. புரோகிராம் அந்த வரிக்கு வந்ததும் வேரியபிளோட மதிப்பைப் பேசும், இல்லன்னா ஒரு ஒலி எழுப்பும். லூப் எத்தனை தடவை சுத்துதுன்னு காதாலயே எண்ணலாம். இப்போ விஎஸ் கோடுலயும் பிரேக்பாயின்ட் உள்ள வரிக்குத் தனி ஒலி இருக்கு.

ரிவர்ஸ் இன்ஜினியரிங்ல இன்னும் பாதி வழிதான். புரோகிராம் போற பாதையைப் பெட்டியும் அம்புக்குறியுமா வரைஞ்சு காட்டுற டூல்கள் அங்க அதிகம். கமாண்ட் லைன்ல ஓடுற ரடாரே2 மாதிரியான டூல்கள் எழுத்தா பதில் தர்றதால கைகொடுக்குது.

இதுல எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். ஜாஸ், ஈமேக்ஸ்பீக், என்விடிஏ மூணையும் தொடங்கினவங்க, அது இல்லாம வேலை செய்ய முடியாதவங்களே. டூல் எழுதுற மத்த நாமெல்லாம் எங்க போனோம்? அடுத்த தடவை ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறப்போ, அதுக்கு ஒரு சத்தமும் வைங்க மக்களே.